ஸ்ட்ரௌட் இரட்டைக் கொள்ளை, 1915: நிஜ ஆளே நடித்தால் நிஜமாகிவிடுமா?

1915 மார்ச் 27, சனிக்கிழமை காலை. ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்ட்ரௌட் என்ற சின்ன ஊருக்குள் ஹென்றி ஸ்டார் என்ற வங்கிக் கொள்ளைக்காரரும் கூட ஆறு பேரும் வந்து, இரண்டாகப் பிரிந்து, ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து பதினைந்து மைல் போல இருக்கும் சாண்ட்லரில் அதே நாட்களில் ஒரு சினிமா படப்பிடிப்பு. படத்தின் பெயர் 'தி பாஸிங் ஆஃப் தி ஓக்லஹோமா அவுட்லாஸ்', அதாவது ஓக்லஹோமா கொள்ளைக்காரர்களின் காலம் மலையேறிவிட்டது என்று ஊருக்குச் சொல்ல எடுத்த படம். இயக்கியவர் பில் டில்மன், அதே மாவட்டத்தில் முன்பு ஷெரிஃபாக, அதாவது காவல் தலைவராக இருந்தவர்.

காலம் முடிந்துவிட்டது என்று இவர் கேமராவைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஊரில் ஒன்றுக்கு இரண்டாக வங்கி போகிறது. செய்தி வந்ததும் டில்மன் படப்பிடிப்பைப் போட்டுவிட்டு, தேடும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபது.

கவ்பாய் படங்களைப் பற்றிப் பேசும்போது இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு இது துணுக்காகத் தெரியவில்லை. இதில் வருகிற ஆட்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேமரா முன்னால் வந்து தங்களையே நடித்திருக்கிறார்கள், அல்லது கேமராவுக்குப் பின்னால் நின்று தங்கள் கதையை எடுத்திருக்கிறார்கள். "உண்மையில் நடந்தது, உண்மையான ஆட்களே நடித்தது" என்பதுதான் அவர்கள் விற்ற சரக்கு. அந்தச் சரக்கு எவ்வளவு தேறும் என்று மூன்று படங்களை வைத்துப் பார்க்கலாம். மூன்றுக்கும் நடுவில் ஸ்ட்ரௌட் இருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. டில்மனை 'அவர்' என்றும் ஸ்டாரை 'அவன்' என்றும் எழுதத்தான் கை தானாகப் போகிறது. அந்தக் காலத்துப் படங்கள் சண்டை போட்டுக்கொண்டதும் கிட்டத்தட்ட இதற்காகத்தான், யாருக்கு 'அவர்' கிடைக்கும் என்று. அதனால் எல்லோரையும் 'அவர்' என்றே எழுதிவிடுகிறேன். சட்டத்தின் பக்கம் இருந்தவர் யார், எதிர்ப்பக்கம் யார் என்பது கதையிலேயே தெரிந்துவிடும்.

முதல் படம்: கேஷ் ஊர் வங்கி, 1908

கதை ஆல் ஜென்னிங்ஸ் என்பவரிடம் தொடங்குகிறது. குடும்பமே வக்கீல் குடும்பம். 1895-இல் வுட்வர்ட் என்ற ஊரில் நீதிமன்றத்தில் ஆரம்பித்த தகராறு ஒன்று சாராயக் கடையில் துப்பாக்கிச் சண்டையாக முடிந்து, ஜென்னிங்ஸின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான எட் செத்துப்போனார். சுட்டவர்களில் ஒருவர் டெம்பிள் ஹூஸ்டன், அவரும் வக்கீல்தான். டெக்சஸ் தனி நாடாக இருந்தபோது அதன் ஜனாதிபதியாக இருந்த சாம் ஹூஸ்டனின் மகன். வழக்கில் விடுதலையாகிவிட்டார். அதில் வெறுத்துப்போய்த்தான் கொள்ளைக்குப் போனேன் என்று ஜென்னிங்ஸ் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன கொள்ளைகளின் லட்சணம் வேறு. 1897-இல் சில மாதங்கள்தான் அந்தத் தொழில். ரயிலை நிறுத்துவார்கள், பெட்டகம் திறக்காது. அக்டோபர் 1 அன்று பட்டப்பகலில் சிக்கஷா பக்கம் ராக் ஐலண்ட் ரயிலை மறித்து, பெட்டகத்துக்கு டைனமைட் வைத்தார்கள். பெட்டி நாசமானது, பெட்டகம் அசையவில்லை. கடைசியில் பயணிகளிடம் பிடுங்கிய சில நூறு டாலரோடும், ஒரு ஜாடி விஸ்கியோடும், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் போனார்கள் என்பதுதான் அந்த வட்டாரத்தில் இன்றுவரை சொல்லும் கதை. டிசம்பரிலேயே பட் லெட்பெட்டர் என்ற துணை மார்ஷல் (மார்ஷல் என்றால் மத்திய அரசின் காவல் அதிகாரி) ஆளைப் பிடித்துவிட்டார்.

ஆயுள் தண்டனை விதித்து ஒஹாயோ சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே மருந்துக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கைதிதான் பிற்பாடு ஓ. ஹென்றி என்ற பெயரில் உலகத்துக்குத் தெரிந்த வில்லியம் சிட்னி போர்ட்டர். ஜென்னிங்ஸின் தண்டனையை ஜனாதிபதி மெக்கின்லி ஐந்து வருடமாகக் குறைத்தார். 1902 கடைசியில் வெளியே வந்தார். கதை சொல்வதில் ஆள் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமே இல்லை.

1908-இல் டில்மனும் சாண்ட்லரைச் சேர்ந்த ஜே. பி. கென்ட் என்ற புகைப்படக்காரரும் ஓக்லஹோமா நேச்சுரல் மியூட்டோசீன் கம்பெனிக்காகப் படம் எடுத்தார்கள். ஓக்லஹோமா மாநிலமாகியே அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது (1907 நவம்பர் 16). முதலில் ஓநாயை வெறுங்கையால் பிடிக்கிற ஜாக் அபர்நதியை வைத்து 'தி வுல்ஃப் ஹன்ட்'. அப்புறம் 'தி பேங்க் ராபரி'. இதில் கொள்ளைக் கூட்டத் தலைவனாக நடித்தவர் ஜென்னிங்ஸ். இயக்கம் டில்மன். துரத்தும் கூட்டத்தில் ஹெக் தாமஸ், அவரும் பெயர்பெற்ற மார்ஷல். கமான்ச்சி பழங்குடித் தலைவர் குவானா பார்க்கரும் குதிரையில் வருகிறார். ஒரு தலைமுறைக்கு முன்னால் இவர்களில் பாதிப் பேர் மீதிப் பேரைச் சுடத் தேடிக்கொண்டிருந்தவர்கள்.

படப்பிடிப்பு நடந்த ஊரின் பெயர் கேஷ். எழுத்து வேறு என்றாலும் உச்சரிப்பு பணத்துக்குச் சொல்லும் அதே கேஷ்தான், வங்கிக் கொள்ளைப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. கேமரா தெருவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நிற்கிறது. வங்கிக்குள் வேலையாக வந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. துப்பாக்கியோடு ஆட்கள் உள்ளே வந்ததும், மனிதர் ஜன்னல் வழியாகக் குதித்து உதவிக்கு ஆள் தேடி ஓடிவிட்டார். இது சினிமா என்று அவரை நம்பவைக்க வேண்டியிருந்தது.

படம் இன்றும் இருக்கிறது, பார்க்கலாம். பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. கேமரா ரொம்பத் தூரத்தில். ஆட்கள் எறும்புபோலத் தெரிகிறார்கள். யார் ஜென்னிங்ஸ், யார் ஹெக் தாமஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். டில்மனுக்குக் கொள்ளைக்காரனைப் பிடிக்கத் தெரியும், கேமராவை எங்கே வைப்பது என்று தெரியாது. ஐந்து வருடம் முன்னால் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' இதைவிடப் பல மடங்கு விறுவிறுப்பு. அது எடுக்கப்பட்டதோ கிழக்குக் கடற்கரை நியூ ஜெர்சி பக்கம், மேற்கு எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் ஒன்று. எடுத்த விதம் மோசம் என்பதாலேயே இதில் பார்க்கக் கிடைக்கிற விஷயங்கள் நிறைய. மண் தெரு, மரக் கட்டடங்கள், பின்னால் விச்சிட்டா மலை, குதிரைமேல் ஏறுவதையும் இறங்குவதையும் தினசரி வேலையாகச் செய்தவர்கள் அதை எப்படிச் செய்வார்கள் என்பது. நடிப்பு என்று அவர்கள் செய்தது பொய்யாக இருக்கலாம். சேணத்தில் உட்கார்ந்திருக்கிற விதம் பொய் இல்லை. கதை பகலில் நடப்பதற்குக்கூடக் காரணம் இருக்கிறது. அந்தக் காலப் பிலிமுக்கு வெயில் வேண்டும், ராத்திரியில் ஒன்றும் பதியாது. எட்மண்டில் ஜென்னிங்ஸ் கூட்டம் ரயிலை மறித்தது இரவில். அதையே எடுக்கச் சொல்லியிருந்தாலும் வெயிலில்தான் எடுத்திருக்க முடியும்.

இரண்டாவது படம்: சட்டத்தின் பதில்

1913-14 வாக்கில் ஜென்னிங்ஸ் தன் கதையை 'பீட்டிங் பேக்' என்று பத்திரிகைத் தொடராகவும் புத்தகமாகவும் கொண்டுவந்தார், கூட எழுதியவர் வில் இர்வின். 1914-இல் தான்ஹவுசர் கம்பெனி அதைப் படமாகவும் எடுத்தது, அதிலும் ஜென்னிங்ஸே நடித்தார். அதே வருடம் ஓக்லஹோமா கவர்னர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் நின்றார். ஜெயிலுக்குப் போய்வந்ததை மறைக்காமல், அதையே தகுதியாகச் சொல்லி ஓட்டுக் கேட்டு மூன்றாவதாக வந்தார். வாழைப்பழத்தோடு ஓடிய ஆள் கவர்னர் நாற்காலிக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார் என்றால், சினிமாவும் பத்திரிகையும் என்ன வேலை செய்திருக்கின்றன பாருங்கள்.

பழைய மார்ஷல்களுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. எங்களை முட்டாள்களாகவும் இவர்களைத் தியாகிகளாகவும் காட்டுகிறார்கள் என்று, டில்மன், முன்னாள் தலைமை மார்ஷல் ஈ. டி. நிக்ஸ், கிறிஸ் மேட்சன் மூவரும் சேர்ந்து ஈகிள் ஃபிலிம் கம்பெனி என்று ஆரம்பித்தார்கள். அதில் எடுத்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன 'தி பாஸிங் ஆஃப் தி ஓக்லஹோமா அவுட்லாஸ்'. கேமராவுக்குப் பழைய ஆள் கென்ட். கொள்ளை லாபம் தராது என்பது படத்தின் செய்தி.

படத்தில் வரும் சம்பவங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். 1896 ஜனவரியில் ஆர்கன்சாவின் யுரேகா ஸ்பிரிங்ஸ் ஊரில் பில் டூலின் என்ற கொள்ளைக் கூட்டத் தலைவரை டில்மன் தனியாளாகப் பிடித்தார். டூலினுக்கு மூட்டுவாதம், அந்த ஊர்ச் சுனை நீரில் குளித்தால் குணமாகும் என்று வந்திருந்தார். குளியல் நிலையத்தின் கூடத்தில் உட்கார்ந்திருந்தவரை, ஒரு குண்டுகூடச் செலவாகாமல் டில்மன் கைதுசெய்தார். குத்ரி நகருக்கு ரயிலில் கொண்டுவந்தபோது ஸ்டேஷனில் பெருங்கூட்டம். கூட்டம் பார்க்க வந்தது மார்ஷலை இல்லை, டூலினை. கைகுலுக்கப் போட்டிபோட்டார்களாம். அந்தப் பிளாட்பாரத்தில் நின்றபோதே டில்மனுக்கு இந்தப் படம் எடுக்கிற எண்ணத்தின் விதை விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. ஜூலையில் டூலின் குத்ரி சிறையிலிருந்து தப்பினார். அடுத்த மாதமே ஹெக் தாமஸ் கூட்டத்தின் குண்டுக்குச் செத்தார்.

மற்றது இங்கல்ஸ் ஊர்ச் சண்டை, 1893 செப்டம்பர் 1. துணை மார்ஷல்கள் குடியேற வந்தவர்கள்போல மூடு வண்டிகளில் ஒளிந்து ஊருக்குள் போனார்கள். டூலின் கூட்டம் சாராயக் கடையில் இருந்தது. ஒருவர் மட்டும் உடம்பு சரியில்லாமல் ஹோட்டல் மாடியில் படுத்திருந்தார், பெயர் ராய் டாட்டர்டி, ஊர் வைத்த பெயர் ஆர்கன்சா டாம். சண்டை ஆரம்பித்ததும் மாடியிலிருந்து சுட்டார். மூன்று துணை மார்ஷல்கள் இறந்தார்கள். டூலினும் முக்கியமானவர்களும் தப்பிவிட்டார்கள். கையில் சிக்கியது மாடியில் மாட்டிக்கொண்ட டாம் ஒருவர்தான், டைனமைட் வைத்து ஹோட்டலையே தகர்ப்போம் என்று மிரட்டிய பிறகு. ஐம்பது வருட தண்டனையில் பதினேழு வருடம்போல இருந்துவிட்டு 1910-இல் பரோலில் வந்தார். 1915-இல் டில்மன் அவரைக் கூப்பிட்டு, அவருடைய வேஷத்தை அவரையே போடச் சொன்னார்.

இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இங்கல்ஸ் சண்டை நடந்த அன்று டில்மன் அந்த ஊரில் இல்லை. நிக்ஸ் ஆட்களை அனுப்பினார், அவரும் போகவில்லை. மேட்சனும் இல்லை. படம் எடுத்த முக்கியஸ்தர்களில் சண்டையைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர்தான், மார்ஷல்களைச் சுட்டவர். சட்டத்தின் தரப்பு உண்மையைச் சொல்லவந்த படத்தில், நேரடிச் சாட்சி எதிர்த்தரப்பு ஆள். அவரும் பரோலில் வெளியே இருப்பவர், இயக்குநரோ முன்னாள் போலீஸ். அவர் எவ்வளவு தூரம் "இல்லை ஐயா, அப்படி நடக்கவில்லை" என்று சொல்லியிருக்க முடியும்?

போதாக்குறைக்கு ரோஸ். படத்தோடு சேர்த்து வந்த விளம்பரக் குறுநூலில் 'சிமரானின் ரோஜா' என்று ஒரு பெண் வருகிறாள். சண்டை நடுவில் அடிபட்டுக் கிடந்த காதலனுக்கு ஹோட்டல் ஜன்னல் வழியாக இறங்கித் துப்பாக்கியும் தோட்டாவும் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். இப்படி நடந்ததற்கு உருப்படியான சாட்சியம் கிடையாது. கொள்ளைக்காரர்களைப் புகழக் கூடாது என்று கிளம்பியவர்கள், டிக்கெட் விற்க வேண்டும் என்றதும் ஒரு காவியக் காதலியை உள்ளே விட்டுவிட்டார்கள். ஜென்னிங்ஸின் பொய்க்குப் பதில் சொல்ல வந்த படம் இன்னொரு பொய்யை ஊருக்குள் விட்டது. அது டில்மனையும் தாண்டி நீண்ட காலம் உயிரோடு இருந்தது.

ஸ்ட்ரௌட்

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வரலாம். ஹென்றி ஸ்டார் 1873-இல் இந்தியன் டெரிட்டரியில் (பழங்குடிகளுக்கு என்று ஒதுக்கியிருந்த பகுதி) பிறந்தவர், செரோக்கி பழங்குடி வம்சம் கலந்தவர். 1892-இல் ஃபிளாய்ட் வில்சன் என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றதற்கு ஃபோர்ட் ஸ்மித் நீதிபதி ஐசக் பார்க்கர் தூக்குத் தண்டனை விதித்தார். உச்ச நீதிமன்றம் இரண்டு முறை தீர்ப்பை ரத்து செய்தது, கடைசியில் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். இடையில் அதே சிறையில் செரோக்கி பில் என்ற கைதி கையில் துப்பாக்கியோடு காவலரைக் கொன்று கலவரம் செய்தபோது, ஸ்டார் போய்ப் பேசி அவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக் காவலர்களிடம் கொடுத்தார். இதையெல்லாம் வைத்து ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1903-இல் மன்னிப்பு கொடுத்தார். ஸ்டார் தன் மகனுக்கு ரூஸ்வெல்ட் பெயரையே வைத்தார். 1908-இல் கொலராடோவில் மறுபடி ஒரு வங்கி, மறுபடி சிறை, அங்கே உட்கார்ந்து சுயசரிதை, 1913-இல் பரோல்.

அதன்பின் 1914 செப்டம்பரிலிருந்து சில மாதங்களில் ஓக்லஹோமாவில் பதினான்கு வங்கிகள் கொள்ளை போயின, எல்லாம் ஸ்டார் கணக்கில் எழுதப்பட்டன. தலைக்கு 1,000 டாலர் பரிசு அறிவித்துத் தேடினார்கள். அவரோ டல்சாவில் ஷெரிஃப் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்.

ஸ்ட்ரௌடில் இரட்டை வங்கி என்பது சும்மா வந்த யோசனை இல்லை. 1892-இல் கான்சாஸின் காஃபிவில்லில் டால்டன் சகோதரர்கள் இதையே முயன்று, ஊர்க்காரர்கள் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். ஸ்டார் வெற்றிகரமாகத்தான் முடித்தார், 5,000 டாலருக்கு மேல் கிடைத்தது. வங்கி ஆட்களைக் கேடயமாக முன்னால் நடக்கவிட்டுக் குதிரைகளை நோக்கிப் போனார்கள். அப்போது பால் கரி என்ற பையன், கசாப்புக் கடையில் பன்றி சுட வைத்திருந்த, குழாயை அறுத்துக் குட்டையாக்கிய ரைஃபிளை எடுத்துவந்து சுட்டான். குண்டு ஸ்டாரின் தொடை எலும்பை உடைத்தது. லூயிஸ் எஸ்டஸ் என்பவருக்கும் ஒரு குண்டு, அவரும் பிடிபட்டார். மற்ற ஐந்து பேர் பணத்தோடு போய்விட்டார்கள். சுடப்பட்டதைவிட, பன்றித் துப்பாக்கியால் ஒரு பொடியன் சுட்டான் என்பதுதான் ஸ்டாருக்குப் பெரிய மானக்கேடாக இருந்ததாம்.

டில்மன் படத்துக்குக் கதை எழுதியவர் யாராக இருந்தாலும் இதை எழுதியிருக்க மாட்டார். அவர்கள் உலகத்தில் கொள்ளைக்காரனை வீழ்த்த வேண்டியது பேட்ஜ் குத்திய மார்ஷல். இங்கே வீழ்த்தியது கடைத்தெரு. காஃபிவில்லிலும் அப்படித்தான். எல்லைப்புற வாழ்க்கையின் வங்கிக் கொள்ளைகளில் அடிக்கடி நடந்தது இதுதான், பக்கத்து ஹார்டுவேர் கடையிலிருந்து துப்பாக்கியோடு வெளியே வருகிற ஆள். ஊமைப்படங்கள் இவரைக் கூட்டத்தில் ஒருவராக ஓரத்தில் நிறுத்திவிட்டு, மார்பில் நட்சத்திரம் குத்திய ஒருவரை நடுவில் கொண்டுவந்தன.

மூன்றாவது படம்: குற்றவாளி தரப்பு

ஸ்டாருக்கு 25 வருடம். 1919-இலேயே பரோல். வெளியே வந்ததும் டல்சாவில் பான் அமெரிக்கன் என்ற படக் கம்பெனியோடு சேர்ந்து 'எ டெட்டர் டு தி லா' எடுத்தார். சட்டத்துக்குக் கடன்பட்டவன் என்று அர்த்தம். ஸ்ட்ரௌட் கொள்ளையை ஸ்ட்ரௌடிலேயே போய் நடித்தார்கள். ஸ்டார் ஸ்டாராக. சுட்ட பையன் பால் கரியும் வந்து மறுபடி சுட்டுக் காட்டினான்.

மூன்று படங்களில் இதுதான் நடந்ததற்கு மிக அருகில் வந்திருக்க வேண்டும். அதே தெரு, அதே ஆள், அதே பையன், நான்கே வருட இடைவெளி. செய்தியும் ஒழுங்கானதுதான், என்னைப்போல ஆகாதீர்கள் என்று. ஸ்டார் மேடை ஏறியும் அதையே சொன்னார். ஆனால் தனக்குச் சேர வேண்டிய பங்கு வந்துசேரவில்லை என்பது அவர் மனக்குறை. 1921 பிப்ரவரி 18 அன்று மூன்று பேரோடு ஆர்கன்சாவின் ஹாரிசன் ஊருக்குக் காரில் போய் அங்குள்ள வங்கிக்குள் நுழைந்தார். வங்கியின் முன்னாள் தலைவர் டபிள்யூ. ஜே. மையர்ஸ், பெட்டக அறைக்குள் பல வருடங்களுக்கு முன் ஒளித்துவைத்திருந்த ரைஃபிளை எடுத்துச் சுட்டார். நான்கு நாள் கழித்து ஸ்டார் இறந்தார். அமெரிக்காவில் என்னைவிட அதிகம் வங்கி அடித்தவன் இல்லை என்று படுக்கையில் பெருமை பேசியதாகச் சொல்வார்கள். படத்தில் சொன்னது ஒன்று, படுக்கையில் சொன்னது ஒன்று. இந்த முறையும் சுட்டது மார்ஷல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை வைத்து ஸ்டார் நடித்தது முழுப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1919-இல் அந்தத் தெருவில் நின்றபோது அவர் நம்பித்தான் சொல்லியிருக்கலாம். கேமரா பதிவு செய்தது அன்றைக்கு அவர் தன்னைப்பற்றி என்ன நினைத்தார் என்பதை, 1915-இல் என்ன நடந்தது என்பதை அல்ல. டில்மன் படத்துக்கும் இதே கணக்குதான். பழைய படத்தில் நிஜ மார்ஷல் வருகிறார், நிஜக் கொள்ளைக்காரன் வருகிறார் என்று யாராவது சொன்னால், தொப்பி எப்படி, சேணம் எப்படி, தெரு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு நல்ல சாட்சி. யார் முதலில் சுட்டது என்பதற்கு நீதிமன்றக் காகிதத்தைத் தேடுங்கள்.

அப்புறம் என்ன ஆனார்கள்

டில்மன் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஊர் ஊராகப் போனார். படம் ஓடும், பக்கத்தில் நின்று பேசுவார். ஆர்கன்சா டாம் திரும்பவும் வங்கிக் கொள்ளைக்கே போய், 1924 ஆகஸ்டில் மிசூரியின் ஜாப்லினில் போலீஸ் குண்டுக்குச் செத்தார். அதே வருடம் எழுபது வயதில் டில்மன் க்ரோம்வெல் என்ற எண்ணெய்க் கிணற்று ஊருக்குக் காவல் அதிகாரியாகப் போனார். நவம்பர் 1 இரவு அவரைச் சுட்டது கொள்ளைக்காரன் இல்லை. மதுவிலக்கு அதிகாரி ஒருவர், அதுவும் குடிபோதையில். வழக்கில் அவர் விடுதலையானார்.

ஜென்னிங்ஸ் கலிபோர்னியாவுக்குப் போய்ப் படங்களில் நடித்துக்கொண்டும் கதை சொல்லிக்கொண்டும் 1961 வரை, தொண்ணூற்றெட்டு வயது வாழ்ந்தார். எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு மறுத்துப் பேச ஆளே இல்லை. 1940-களில் 'லோன் ரேஞ்சர்' வானொலித் தொடரில், முகமூடி வீரன் இவர் கையிலிருந்த துப்பாக்கியைச் சுட்டுத் தட்டிவிடுவதுபோல ஒரு காட்சி வந்துவிட்டது. தன் பெயருக்குக் களங்கம் என்று ஜென்னிங்ஸ் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். பழைய வக்கீல் அல்லவா. தோற்றுவிட்டார்.